பதினான்கு நாள்

ஹல் நகரில் பூட்டு மாற்றுவது என் பிழைப்பு.
செவ்வாய், வியாழன் மாலைகளில் சட்டம்,
ஆறரை முதல் ஒன்பதரை வரை.
ஆறு வருடப் படிப்பில் இது நான்காவது.

வேனில் வெயில் மறைப்புக்குள் செருகிய அட்டைகள்
பிரேக் போட்டால் மடியில் விழும்:
ஒப்பந்தம். கவனக்குறைவு. குத்தகை.
சிவப்பு விளக்குக்கு ஒன்று,
வால்டன் தெரு ரயில்வே கேட்டுக்கு மூன்று.

வகுப்பில் என் முன்வரிசைக்காரன்
மீன் கிடங்கில் எடை போடுபவன்.
அவன் நோட்டின் ஓரங்கள் உலர்வதே இல்லை.
பக்கத்தில் ஒரு பல் மருத்துவமனை வரவேற்பாளர்.
எட்டரைக்குத் தூங்கிவிடுவார்,
பேனா மட்டும் போய்க்கொண்டிருக்கும்.
ஒருநாள் எட்டிப் பார்த்தேன்:
"நிலத்தின் மீதான உரிமை என்பது"
அதற்குப் பிறகு காகித விளிம்பு வரை
ஒரே கோடு.

நாற்பத்தாறு வயசில எதுக்கு என்றான் மகன்.
இருபது வருஷமா திற என்றார்கள், திறந்தேன்.
எதை வைத்துச் சொன்னார்கள்
என்று ஒருமுறையாவது படித்துப் பார்க்கணும்டா.
அவன் காதில் ஏற்கெனவே பாட்டு.

அக்டோபர் பதினைந்து. மழை.
கோர்ட் அமீனா கீத் ப்ரொக்கில்ஸ்பி
குடைக்குள் நிற்கிறார், நான் வெளியே,
டிரில் என் கோட்டுக்குள்.
கதவில் ஒட்டிய நோட்டீஸை
நான் இதுவரை படித்ததே இல்லை.
பூட்டுக்கு மேலே இருப்பது என் வேலை இல்லை.
அன்று கண் மேலே போய்விட்டது.

மூன்றாம் தேதி என்றது.
மூன்றிலிருந்து பதினைந்து.
விரல் விட்டு எண்ணினேன், கையுறைக்குள்.
போன வியாழன்தான் நடத்தினார்கள்:
பதினான்கு நாளுக்குக் குறையக்கூடாது.

சுவாதீனம் என்று ஒரு சொல் உண்டு.
தாளில் அது வீட்டைப் பற்றியது.
அந்தப் படிக்கட்டில்
அது என் நாக்கைப் பற்றியதாக இருந்தது.

"கீத், தேதியைப் பாருங்க."
"என்ன, வக்கீலம்மா?"
"பன்னிரண்டுதான் வருது."
அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார்.
அலுவலகத்துக்குப் போன் போட்டார்.
காத்திருப்பு இசை குடையிலிருந்து சொட்டியது.
உள்ளே கெட்டில் கொதித்து அணையும் சத்தம்.
கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.
லோரெய்ன் ஸ்டாதர்ஸ், அறுபது இருக்கலாம்,
ஷூ போட்டுத் தயாராக நின்றாள்.

இன்று இல்லையாம் என்றார் கீத்.
அவள் நன்றி சொல்லவில்லை.
எப்போது என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு வந்தது பாதிக் கூலி.
குத்தகைத் தாளில் அறுபத்தொரு மதிப்பெண்.
"முன்னறிவிப்புப் பகுதி தெளிவு,
மற்றவை அவசரம்" என்று சிவப்பு மை.

அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார் என்றிருந்தேன்.
கீத் என்னையே கூப்பிட்டார்.
நவம்பர் இருபது, அதே கதவு.
அந்த முப்பத்தாறு நாளில் அவள் என்ன செய்தாளோ,
வீடு கிடைத்ததா, மகள் யாராவது இருக்கிறாளா,
தெரியாது.
ஜன்னலில் புதுத் திரை ஒன்று தொங்கியது.
மஞ்சள். மடிப்புக்கோடு இன்னும் போகவில்லை.

நோட்டீஸை அவளே பிரித்து என்னிடம் நீட்டினாள்.
கீத்திடம் இல்லை.
"இன்னிக்காவது சரியா இருக்கா?"

எண்ணினேன். முகவரி. முத்திரை. பெயரின் எழுத்து.
சந்து பொந்து ஏதாவது அகப்படாதா என்று
சாவித்துவாரத்தைப் பார்ப்பதுபோல்
ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன்.
பதினாறு நாள்.

"சரியா இருக்கு."

தலையசைத்தாள்.
சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்,
டிரில் தேவைப்படவில்லை.
நான்கு திருகு, ஒரு சிலிண்டர், ஆறு நிமிடம்.
திரையைக் கழற்ற மறந்துவிட்டாள்,
அல்லது மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, வகுப்பு இல்லை.
இருந்தாலும் நூலகம் போனேன்.
வண்டி நிறுத்த இடமில்லாமல்
அந்தத் தெருவை மூன்று முறை சுற்றினேன்.